காலைல விரல் மடங்கல, ரத்தத்துல ஆர்எஃப் பாசிட்டிவ் – இது முடக்குவாதம்தானா? அடுத்து எங்க போகணும்?

பிறை வாசி:

வணக்கம் எல்லாருக்கும். இங்க படிச்சிட்டு போறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க. வயசு 34, மலேசியாவுல பினாங்கு, வீடு பிறைல, வேலை தீவுல, பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் பேக்டரி ஒண்ணுல. லைன்ல உக்காந்து சின்ன சின்ன சாமான் பொருத்துற வேலை. பையனுக்கு ஒன்றரை வயசு ஆகுது. அவன் ஆறு மாச பிள்ளையா இருக்கும்போதே கை வலி லேசா இருந்துச்சு, பிள்ளைய தூக்கிக்கிட்டே இருக்கியே அதான்னு எல்லாரும் சொன்னாங்க.

இப்ப ரெண்டு மூணு மாசமா வேற மாதிரி ஆயிருச்சு. காலைல எந்திரிச்சா ரெண்டு கை விரலும் மடங்காது. பால் போத்தல் மூடி திறக்க முடியல, பையன் சட்டை பட்டன் போட முடியல, வீட்டுக்காரர்தான் எந்திரிச்சு எல்லாம் செய்யிறாரு. கம்பெனி பஸ் விடியிறதுக்கு முன்னாடியே வந்துரும், பேக்டரி போயி ஒரு மணி நேரம் ஓடுனாத்தான் விரல் சொன்ன பேச்ச கேக்குது. விரல் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற முட்டியெல்லாம் வீங்கி மெத்துமெத்துன்னு இருக்கு, மோதிரம் கழட்ட முடியல. கட்டில்ல இருந்து இறங்கி பாதத்த கீழ வெச்சா கூழாங்கல்லு மேல நடக்கிற மாதிரி வலிக்குது. அசதிய பத்தி சொல்லவே வேணாம், ஷிப்ட் முடிஞ்சு வந்தா சோறு போட்டு சாப்பிடக்கூட தெம்பு இல்ல.

கம்பெனி பானெல் கிளினிக்ல காட்டினேன். கையால செய்யிற வேலை, தசை வலின்னு சொல்லி வலி மாத்திரையும் எம்சியும் (மருத்துவ லீவு) குடுத்தாங்க. மாத்திரை தின்னா அன்னிக்கு சுமார், மறுநாள் பழைய குருடி கதவ திறடின்னு வந்துருது. ரெண்டாவது தடவ நானே கேட்டு ரத்தம் எடுத்தேன். ஆர்எஃப் (ருமட்டாய்டு ஃபேக்டர், முடக்குவாதத்துக்குன்னு பாக்கிற டெஸ்ட்) பாசிட்டிவ்னு இருக்கு, யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட இருக்கு. டாக்டர் பாத்துட்டு இதுவா இருக்கலாம் அதுவா இருக்கலாம்னு சொல்றாரு, லெட்டர் எதுவும் தரல.

மாமியார் சொல்றது, பிள்ள பெத்த உடம்புல பத்தியம் ஒழுங்கா இருக்கல, சீக்கிரமே தலைக்கு குளிச்சேன், காத்து ஏறிருச்சு, கத்திரிக்காய் இறால் எல்லாம் நிறுத்துன்னு. என் கேள்வி இதுதான். ஆர்எஃப் பாசிட்டிவ்னா முடக்குவாதம்னு முடிவா? வேலையாலதான் வந்துச்சா, வேலைய விடணுமா? மருந்து ஆரம்பிச்சா ஆயுசுக்கும் தின்னணுமா? பையன் ராத்திரில இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். அடுத்த பிள்ளைக்கும் ஆசை இருக்கு. இன்னொன்னு, பையனுக்கு வேண்டிக்கிட்டது, வர்ற தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுக்கணும், இந்த காலோட படி ஏற முடியுமான்னு தெரியல. யாராச்சும் அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

செலாயாங் அக்கா:

தங்கச்சி, நான் கோலாலம்பூர், இதோட குடும்பம் நடத்தி பல வருசம் ஆச்சு, அதனால சொல்றேன். நீ எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது ரத்த ரிசல்ட் இல்ல. ரெண்டு கையும் ஒரே மாதிரி, விரலோட அடி முட்டி, கால் விரலுக்கு அடில வலி, காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கம், மெத்துன்னு வீக்கம், கூடவே அசதி. இதெல்லாம் சேந்து வந்தா உடனே ஸ்பெஷலிஸ்ட பாக்கணும், அவ்வளவுதான். வயசானவங்களுக்கு வர்ற தேய்மானம்னா காலை இறுக்கம் கொஞ்ச நேரத்துல, அரை மணிக்குள்ள விட்டுரும், வேலை செய்ய செய்யத்தான் வலி கூடும், விரல் நுனி கணுவுல கட்டி கட்டியா இருக்கும். நமக்கு நேர் எதிர், ஓய்வெடுத்தா இறுகும், அசைச்சா இளகும், நுனி கணுவ பெரும்பாலும் தொடாது. யூரிக் ஆசிட் வாதம்னா திடீர்னு ராத்திரில கட்டைவிரல் சிவந்து போர்வை பட்டாலே உயிர் போகும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கும். யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட இருக்கிறவங்க ஊரெல்லாம் இருக்காங்க, அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஆர்எஃப்பும் அப்படித்தான். ஒண்ணும் இல்லாதவங்களுக்கும் பாசிட்டிவ் வரும், வியாதி இருக்கிறவங்களுக்கு நெகட்டிவ்வும் வரும். எனக்கு நெகட்டிவ்தான்! ஆன்டி சிசிபின்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அது பாசிட்டிவ்னா இன்னும் நம்பலாம். கூட இஎஸ்ஆர், சிஆர்பி எடுப்பாங்க, உடம்புல எவ்வளவு அழற்சி இருக்குன்னு காட்டும். கைக்கும் காலுக்கும் எக்ஸ்ரே எடுப்பாங்க, ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, அதுக்காக எக்ஸ்ரே நல்லா இருக்கு ஒண்ணும் இல்லன்னு யாராச்சும் சொன்னா ஏமாந்துறாத. சிக்குன்குன்யா வந்துச்சா, குடும்பத்துல சோரியாசிஸ் இருக்கான்னு எல்லாம் கேப்பாங்க, ஏன்னா அதுவும் இதே மாதிரி மூட்ட பிடிக்கும்.

வேலையால வரல. இது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வ தாக்குறது. சவ்வு தடிச்சு, நீர் கோத்து, விட்டா எலும்பையே அரிச்சிரும். பிள்ள பொறந்ததுக்கு அப்புறம் ஆரம்பிக்கிறது ரொம்ப சகஜம், ஏற்கனவே இருக்கிறவங்களுக்குக்கூட மாசமா இருக்கும்போது அடங்கியிருந்து பெத்ததும் கிளம்பும். ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூட வருது. ஆக உன் மாமியார் பிள்ள பெத்த உடம்புன்னு சொன்னதுல ஒரு பாதி சரி, தலைக்கு குளிச்சதுதான் தப்பில்ல.

ஒண்ணே ஒண்ணு கேளு. வலி மாத்திரை வலிய மறைக்கும், எலும்பு அரிக்கிறத நிறுத்தாது. நிறுத்துற மருந்து வேற, வியாதி வந்து மூணு மாசத்துக்குள்ள அத ஆரம்பிச்சிட்டா கை கோணாம காப்பாத்தலாம்னுதான் எல்லா டாக்டரும் சொல்றாங்க. உனக்கு ஏற்கனவே நாள் ஓடிருச்சு. நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போ, ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், பினாங்கு பெரிய ஆஸ்பத்திரில ருமட்டாலஜி, அதான் மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட் பிரிவு இருக்கு, அங்க போக லெட்டர் கேளு. பானெல் டாக்டர் லெட்டர் குடுத்தாலும் செல்லும், முதல் தடவ 30 வெள்ளி கட்டணும், அடுத்து அடுத்து 5 வெள்ளிதான். டாக்டர் முன்னாடி உக்காந்ததும் வலி வலின்னு ஆரம்பிக்காத. எத்தனை மணிக்கு எந்திரிக்கிற, எத்தனை மணிக்கு கை திறக்குது, அத முதல்ல சொல்லு. வீக்கம் கூட இருக்கிற காலைல போன்ல படம் எடுத்து வெச்சுக்க, மத்தியானம் டாக்டர் பாக்கும்போது கை நல்லபிள்ளையா இருக்கும்.

ஜாலான் ஈப்போ மணியம்:

எல்லாரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு ஓடுறீங்க. அந்த மருந்தெல்லாம் கேன்சர் மருந்துமா, கூகுள்ல போட்டு பாருங்க. ஈரல் போயிரும் முடி கொட்டிரும். எனக்கு முட்டி வலி நடக்க முடியாம இருந்துச்சு, பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) ஒருத்தர் மாஜுன் விக்கிறாரு, போத்தல்ல உருண்டை உருண்டையா இருக்கும், தின்ன மறுநாளே எந்திரிச்சு நடந்தேன். பசியும் நல்லா எடுக்குது. இயற்கை மூலிகை. கூடவே நல்லா தெரிஞ்ச ஆளுகிட்ட எண்ணெய் போட்டு உருவி விடுங்க, நரம்பு புடிச்சிருக்கும். கத்திரிக்காய், இறால், நண்டு, கருவாடு நிறுத்துனது நல்லது, தக்காளியும் வேணாம்.

பார்மசி கவுண்டர்:

மணியம் அங்கிள், கோவிச்சுக்காதீங்க, நான் மருந்து குடுக்கிற வேலைல இருக்கேன், நீங்க எழுதுனத படிச்சதும் வயித்துல புளிய கரைச்சுது. தின்ன மறுநாளே வலி ஓடிப்போச்சு, பசி அள்ளுது, இந்த ரெண்டும் சேந்தா எங்களுக்கு முதல்ல வர்ற சந்தேகம் டெக்ஸாமெத்தாசோன், ஸ்டீராய்டு. ஜாமு, மாஜுன், சில காப்பி பவுடர் இதுலெல்லாம் ஸ்டீராய்டு கலந்து விக்கிறாங்கன்னு என்பிஆர்ஏ, அதான் மருந்த பதிவு பண்ற அரசாங்க அமைப்பு, எத்தனையோ தடவ அறிக்கை விட்டிருக்கு. எந்த மூலிகையும் ஒரே ராத்திரில மூட்டு வீக்கத்த இறக்காது. போத்தல்ல மால் (MAL) பதிவு நம்பர் இருக்கா, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, நம்பர் இருந்தாலும் என்பிஆர்ஏ வெப்சைட்ல போட்டு தேடுங்க, சும்மா அச்சடிச்சு ஒட்டுறவங்களும் இருக்காங்க.

ஸ்டீராய்டே கெட்டதுன்னு நான் சொல்லல. ஸ்பெஷலிஸ்ட்டே பிரெட்னிசோலோன் குடுப்பாங்க, மத்த மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் பாலம் போடுறதுக்கு, கம்மி அளவுல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துவாங்க. அளவு தெரியாம மாசக்கணக்குல உள்ள போனாத்தான் முகம் உருண்டையாகி, இனிப்பு நீர் (சர்க்கரை) ஏறி, எலும்பு மெலிஞ்சு, தோல் தொட்டாலே ஊதா கலர் ஆகும்.

இப்ப தங்கச்சிக்கு. அங்கிள் கேன்சர் மருந்துன்னு சொன்னது மெத்தோட்ரெக்சேட்ட, அத பத்தி பயமுறுத்துறவங்க ஊர்ல நிறைய. கேன்சருக்கு குடுக்கிற மருந்துதான், பொய் இல்ல, ஆனா அங்க குடுக்கிற அளவு எங்கேயோ இருக்கு. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5லேர்ந்து 25 மில்லிகிராம் வரைக்கும்தான், அமெரிக்காவுல 1988லயே இதுக்குன்னு அனுமதி கிடைச்ச பழைய மருந்து, இன்னிக்கும் முதல்ல கைய வெக்கிறது இதுலதான். இதுல ஒரே ஒரு விசயம் உயிர் விசயம்: வாரத்துக்கு ஒரே நாள். தினமும் இல்ல. ஒரு மாத்திரை 2.5 மில்லிகிராம்ங்கிறதால நாலு, ஆறுன்னு ஒரே நாள்ல முழுங்கச் சொல்வாங்க, அத பிரிச்சு தினம் ஒண்ணுன்னு தின்னு ரத்த அணுவெல்லாம் விழுந்து ஐசியு போனவங்க, செத்தவங்களே உலகம் பூரா உண்டு. கிழமைய முடிவு பண்ணி காலண்டர்ல வட்டம் போட்டுருங்க. போலிக் ஆசிட் வேற நாள்ல, அது வாந்தி, வாய்ப்புண்ணு, ஈரல் தொந்தரவ குறைக்கும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுப்பாங்க, அப்புறம் ஈரல், கிட்னி, ரத்த அணு அடிக்கடி பாப்பாங்க. ஈரல் போயிரும்னு அங்கிள் சொல்றாரே, அதுக்குத்தான் அந்த டெஸ்ட். தண்ணி போடுற ஆளா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்கக்கூடாது. கிளினிக்ல யாராச்சும் சளிக்கோ மூத்திர கிருமிக்கோ பாக்டிரிம்ங்கிற ஆன்டிபயாடிக் எழுதுனா, நான் மெத்தோட்ரெக்சேட் தின்றேன்னு வாய திறந்து சொல்லணும், ரெண்டும் சேந்தா ஆபத்து.

ஆனா உங்க கதை வேற. பிள்ள பால் குடிக்கிறான், அடுத்த பிள்ள ஆசை இருக்கு. பால் குடுக்கும்போது மெத்தோட்ரெக்சேட் கூடாது, இதே வியாதிக்கு குடுக்கிற லெஃப்ளுனோமைடும் கூடாது. வயித்துல இருக்கும்போது சிசுவுக்கு ஊனம் வரலாம்ங்கிறதால, தின்னுகிட்டு இருக்கிற வரைக்கும் கண்டிப்பா குடும்பக்கட்டுப்பாடு வேணும், பிள்ளைக்கு பிளான் பண்ணா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி மாத்தணும், மூணு மாசம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. சல்பாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ரெண்டும் மாசமா இருக்கும்போதும் பால் குடுக்கும்போதும் குடுக்கலாம்னு இருக்கிற மருந்து. சல்பாசலசின்னா ஜி6பிடி (ரத்தத்துல இருக்கிற ஒரு என்சைம்) குறை இருக்கான்னு சொல்லணும், பையன் பொறந்தப்ப ஆஸ்பத்திரில ஜி6பிடி பாத்திருப்பாங்க, அந்த புக்க எடுத்து பாருங்க, உங்களுக்கும் பாக்கச் சொல்லுங்க. மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், பயந்துறாதீங்க. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு கண் செக்கப் உண்டு. இதெல்லாம் முதல் நாளே, டாக்டர் பேனாவ எடுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, அவசரத்துல கேக்காம விட்டுருவாங்க.

எல்லாத்துக்கும் பொறுமை வேணும், ஆறு வாரம் மூணு மாசம் ஆகும் வேலை செய்ய. ரெண்டு வாரம் தின்னுட்டு ஒண்ணும் ஆகலன்னு மாத்திரைய அலமாரில வெச்சிட்டு வர்றவங்களத்தான் கவுண்டர்ல தினம் பாக்குறேன். மாத்திரை ஒத்து வரலன்னா பயாலஜிக்ஸ்னு ஊசி இருக்கு, விலை எக்கச்சக்கம், டிபி டெஸ்ட் எடுத்துட்டுத்தான் போடுவாங்க, அத இப்ப யோசிக்க வேணாம். ஆயுசுக்குமான்னு கேட்டீங்க. இனிப்பு நீர், ரத்த கொதிப்பு மாதிரி நீண்டகால மருந்துதான், ஆனா வியாதி நல்லா அடங்கி ரொம்ப நாள் அப்படியே இருந்தா டாக்டரே அளவ குறைச்சு பாப்பாங்க. நீங்களா குறைக்காதீங்க.

பிறை வாசி:

அக்கா, பார்மசி அண்ணன், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து வீட்டுக்காரருக்கு சத்தமா படிச்சு காட்டினேன். கிளினிக் கெசிஹாத்தான் போயிட்டு வந்தாச்சு. அங்க இருந்த சின்ன வயசு டாக்டர் என் கைய ரெண்டு பக்கமும் சேத்து லேசா ஒரு அமுக்கு அமுக்குனாங்க, நான் கத்திட்டேன், உடனே லெட்டர் எழுதிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரில தேதி குடுத்திருக்காங்க, ஆனா இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் வலி மாத்திரையும் வயித்துக்கு ஒரு மாத்திரையும் குடுத்திருக்காங்க, சாப்பிட்டுட்டு தின்னணுமாம்.

அதுவரைக்கும் எப்படி ஓட்டுறது? மாவு கரைக்க, துணி பிழிய, பையன தூக்க, எல்லாத்துக்கும் கைதான் வேணும். சுப்பர்வைசர் வேற ஓடி செய்ய மாட்டேங்குறன்னு மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காரு. மாமியார் உருவி விடுற ஆளுக்கு சொல்லியனுப்பிட்டாங்க.

கைத்தொழில் டீச்சர்:

பேரு பாத்து தையல் டீச்சர்னு நினைச்சுராதீங்க, நான் கோலாலம்பூர்ல ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட், கை நோயாளிங்கதான் என் பொழப்பு.

முதல்ல அந்த உருவுற ஆள நிறுத்துங்க. வீங்கி சூடா இருக்கிற மூட்ட அழுத்தி தேச்சா இன்னும் வீங்கும். லேசா எண்ணெய் தடவி வெதுவெதுப்பா இருக்கிறது வேற, அதுல தப்பில்ல, மாமியார் மனசும் நோகாது. அதவிட முக்கியம் கழுத்து. முடிவெட்டுற கடைல தலைய புடிச்சு டக்குன்னு முறிப்பாங்களே, மசாஜ் கடைலயும் செய்வாங்க, முடக்குவாதம் இருக்கிறவங்க அத செய்யவே கூடாது. ரொம்ப வருச வியாதில கழுத்து மேல் எலும்பு ரெண்டும் தளந்திருக்கலாம், முறிச்சா தண்டுவடத்துலயே அடி. உங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம், ஆனாலும் பழக்கம் வேணாம். இத படிக்கிற பழைய நோயாளிங்க ஆபரேஷன்னு போனா மயக்க மருந்து டாக்டர்கிட்ட முடக்குவாதம்னு கண்டிப்பா சொல்லணும்.

காலைல ஒரு பேசின்ல வெதுவெதுன்னு தண்ணி வெச்சு கைய உள்ள விட்டு, தண்ணிக்குள்ளயே விரல மெதுவா மடக்கி நீட்டுங்க, பத்து நிமிசம் போதும். பஸ்ஸுக்கு நேரம் பத்தாதுன்னு சொல்வீங்க, அதுக்குத்தான் கொஞ்சம் சீக்கிரம் எந்திரிக்கச் சொல்றது, வேற வழி இல்ல. சூடா சிவந்து வீங்கியிருந்தா மட்டும் சுடுதண்ணி வேணாம், ஐஸ் கட்டிய துணில சுத்தி வைங்க. ராத்திரி தூங்கும்போது கைல போட்டுக்கிற ஸ்பிளின்ட் இருக்கு, கடைல விக்கிற ரெடிமேட் சில பேருக்கு பொருந்தாது, ஆஸ்பத்திரில தெரபி யூனிட்ல உங்க கை அளவுக்கே செஞ்சு குடுப்பாங்க, ஸ்பெஷலிஸ்ட பாக்கும்போது கேளுங்க. ராத்திரில விரல் மரத்துப்போகுதான்னும் பாத்துக்குங்க, மணிக்கட்டு வீக்கம் நரம்ப அமுக்குனா அப்படி வரும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

வீட்டு வேலைக்கு ஒரே சூத்திரம், சின்ன மூட்டுக்கு குடுக்கிற வேலைய பெரிய மூட்டுக்கு தள்ளுங்க. பாசார் பைய விரல்ல தொங்க விடாதீங்க, முழங்கைல மாட்டுங்க. சட்டிய ஒரு கை பிடில தூக்காதீங்க, ரெண்டு உள்ளங்கையும் அடில வெச்சு தூக்குங்க. துணி பிழியிறது இருக்கே, அதுதான் விரல சுண்டுவிரல் பக்கமா சாய்க்கிற வேலை, வியாதியும் அதே பக்கம்தான் சாய்க்கும், அதனால மெஷின்லயே பிழிஞ்சிருங்க, இல்லன்னா பைப்ப சுத்தி துணிய போட்டு ரெண்டு முனையும் சேத்து இழுத்து பிழியுங்க. போத்தல் மூடிக்கு ரப்பர் துண்டு ஒண்ணு போதும், உள்ளங்கையால அழுத்தி திருப்புங்க. கரண்டி, கத்தி பிடிக்கு துணியோ பஞ்சோ சுத்தி தடியாக்குனா பிடிக்கிற பலம் கம்மியா போதும். தேங்காய் துருவாதீங்க, கடைல துருவி வாங்குங்க. தீபாவளி வந்தா முறுக்கு புழியிற வேலைய வீட்டுக்காரருக்கு குடுங்க, ஆம்பளைங்களும் கத்துக்கட்டும். பையன அக்குள்ல விரல விட்டு தூக்காதீங்க, நீங்க உக்காந்துகிட்டு அவன மடி மேல ஏற வைங்க, அப்புறம் முன்கைய அடில குடுத்து தூக்குங்க.

ஆனா இதுக்காக கைய அசைக்காமலே வெச்சுக்கிறது பெரிய தப்பு. வீக்கம் கம்மியா இருக்கிற நேரமா பாத்து தினமும் விரல மடக்கி, விரிச்சு, கட்டைவிரலால ஒவ்வொரு விரலையும் தொட்டு, மணிக்கட்ட சுத்தி, வலி எல்லை தாண்டாம செய்யணும். நடைப்பயிற்சி, நீச்சல் ரெண்டும் நல்லது. வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிச்சா வெளிய அனுப்புங்க, நீங்க பிடிக்கிறவங்களா இருந்தா முதல்ல அத விடுங்க, இந்த வியாதிய வர வைக்கிறதுலயும் மருந்த வேலை செய்ய விடாம பண்றதுலயும் புகைக்கு பெரிய பங்கு.

சாப்பாடு? கத்திரிக்காய் தக்காளி மேல பழி போடுறாங்க, நிரூபணம் ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு ஒரு சாமான் தின்னா கூடுதுன்னு தோணுச்சுன்னா நிறுத்தி பாருங்க, அவ்வளவுதான், ஊரு சொல்ற லிஸ்ட் எல்லாம் நிறுத்தி உடம்ப காய விடாதீங்க. கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் மாதிரி எண்ணெய் உள்ள மீன் வாரத்துல ரெண்டு தடவ சாப்பிட்டா நல்லது, மருந்துக்கு பதிலா இல்ல, மருந்தோட.

வேலைய விட வேணாம். ஸ்பெஷலிஸ்ட்கிட்ட லைட் டூட்டி லெட்டர் கேளுங்க, ஒரே அசைவ மணிக்கணக்குல செய்யாம மாத்தி மாத்தி செய்யிற இடமா கேளுங்க. பெர்க்கேசோவுல (தொழிலாளர் சமூக பாதுகாப்பு நிறுவனம்) ரிட்டர்ன் டு வர்க்னு, வியாதிக்கப்புறம் வேலைக்கு திரும்ப உதவுற ஒரு திட்டமும் இருக்கு, விசாரிச்சு வைங்க.

ஜாலான் ஈப்போ மணியம்:

நான் சொல்றது சொன்னதுதான், எனக்கு கேட்டுச்சு, மத்தவங்களுக்கு கேக்கலன்னா நான் என்ன செய்ய. போத்தல்ல நம்பர் ஒண்ணும் இல்ல, பச்சை ஸ்டிக்கர் மட்டும்தான். அது கிடக்கட்டும். என் கூட்டாளி ஒருத்தன் இதே உருண்டைய ரொம்ப மாசமா தின்றான், அவனுக்கு போன வாரம் இனிப்பு நீர் பாத்தா கூட இருக்கு. அவன் நாளைக்கே நிறுத்திரலாமா?

பார்மசி கவுண்டர்:

அங்கிள், உங்க கூட்டாளிய தயவு செஞ்சு நாளைக்கே நிறுத்த வேணாம்னு சொல்லுங்க! ரொம்ப மாசமா ஸ்டீராய்டு உள்ள போயிருந்தா உடம்பு தானா சுரக்கிறத நிறுத்தியிருக்கும், திடீர்னு நிறுத்துனா தலை சுத்தி, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிருவாரு. போத்தலோட, உருண்டையோட, ரெண்டு மூணு நாளுக்குள்ள கிளினிக் கெசிஹாத்தான் போகச் சொல்லுங்க, இத தின்றேன்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, திட்ட மாட்டாங்க, ரத்தம் பாத்துட்டு எப்படி குறைக்கிறதுன்னு சொல்வாங்க. போறதுக்கு முன்னாடியே வாந்தி மயக்கம் வந்தா நேரா எமர்ஜென்சி. உங்க முட்டி வலிக்கும் அப்படியே ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க.

ஜாலான் ஈப்போ மணியம்:

சரி சரி சொல்றேன் அவன்கிட்ட.

செலாயாங் அக்கா:

தங்கச்சி, ஏழெட்டு வாரம்னா சும்மா உக்காந்திராத. அந்த லெட்டர்ல இருக்கிற கிளினிக் நம்பருக்கு போன் அடிச்சு, யாராச்சும் வராம தேதி காலியானா கூப்பிடுங்கன்னு சொல்லி வை, நர்ஸ்மாருங்க நல்லவங்க, கெஞ்சி கேட்டா செய்வாங்க. இல்ல வசதி இருந்தா தனியார் ருமட்டாலஜிஸ்ட ஒரு தடவ மட்டும் பாத்து மருந்த ஆரம்பிச்சிட்டு, அப்புறம் அரசாங்கத்துல தொடரலாம், நிறைய பேரு அப்படித்தான் செய்றாங்க. நடுவுல ஒரே ஒரு மூட்டு மட்டும் பயங்கரமா வீங்கி, தொட முடியாம, காய்ச்சலும் வந்தா தேதிக்கு காத்திருக்காத, அன்னிக்கே எமர்ஜென்சி, கிருமி புகுந்திருக்கலாம். மூச்சு வாங்குது, வறட்டு இருமல் விடல, கண் சிவந்து வலிக்குதுன்னாலும் சொல்லணும், இது மூட்டோட நிக்கிற வியாதி இல்ல.

அங்க போனா டாக்டர் 28 மூட்ட ஒவ்வொண்ணா அமுக்கி எண்ணுவாங்க, தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல், கால் முட்டி. அந்த 28ல பாதம் கிடையாது தெரியுமா! உனக்கு பாதத்துலதான் இவ்வளவு வலி, அதனால நீயே செருப்ப கழட்டி காட்டு. அந்த எண்ணிக்கைய வெச்சுத்தான் மருந்து கூட்டுறதா மாத்துறதான்னு பாப்பாங்க, மூணு மாசத்துல முன்னேற்றம் இல்லன்னா அடுத்தது கேளு, வாய மூடிக்கிட்டு அதையே தின்னுகிட்டு இருக்காத. எல்லாருக்கும் நல்லா இருக்கேன்னு சொல்லி பழகிட்டோம் நாம, அந்த ரூமுக்குள்ள மட்டும் அப்படி சொல்லக்கூடாது.

அசதி எதனாலன்னு யாரும் விளக்கி எழுதல. அது சோம்பேறித்தனம் இல்ல, அழற்சியும் ரத்த சோகையும் செய்யிற வேலை, வீட்டுக்காரருக்கு இத படிச்சு காட்டு. நான் வேலைய காலைக்கு பாதி சாயந்திரத்துக்கு பாதின்னு பிரிச்சிருவேன். நல்லா இருக்கிற நாள்ல வீட்டையே கழுவி போட்டா அடுத்த ரெண்டு நாள் படுக்கைதான்.

தைப்பூசத்துக்கு வருவோம். பாதம் வீங்கியிருக்கும்போது வெறுங்காலோட ரோட்டுல நடந்து அத்தனை படி ஏறுறது வேணாம்மா. எனக்கு பத்துமலை 272 படி தெரியும், உங்க தண்ணீர்மலை அதவிட உயரம். இந்த வருசம் வீட்டுக்காரர் குடத்த எடுக்கட்டும், நீ பையன வெச்சுக்கிட்டு கூட்டம் இல்லாத நாளா பாத்து போயிட்டு வா. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. மருந்து பிடிச்சு வீக்கம் இறங்குனப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு அடுத்த வருசம் நீயே எடுக்கலாம், நான் மருந்து ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எடுத்திருக்கேன்.

பிறை வாசி:

போன் அடிச்சேன் அக்கா. ஒருத்தங்க தேதி மாத்தியிருக்காங்களாம், அடுத்த மாசம் ஆரம்பத்துலயே வரச் சொல்லிட்டாங்க! ஜி6பிடி புக்கும் கிடைச்சிருச்சு, பையனுக்கு நார்மல். மாமியார் இன்னும் கத்திரிக்காய் போட மாட்டேங்குறாங்க, போகட்டும். ஆஸ்பத்திரிக்கு போகும்போது வேற என்ன எடுத்துட்டு போகணும்?

செலாயாங் அக்கா:

ஐசி (அடையாள அட்டை), லெட்டர், பழைய ரத்த ரிசல்ட் எல்லாத்தோட காப்பி, இப்ப தின்ற மாத்திரை கவரோட, போன்ல அந்த வீங்குன கை படம். பையன் பால் குடிக்கிறான்ங்கிறத ஒரு தாள்ல பெருசா எழுதி மேல வெச்சுக்க. காலைல காடி வெக்க இடம் கிடைக்காதுன்னு உங்க ஊர்க்காரங்க சொல்லி கேட்டிருக்கேன், பெரி பிடிச்சு தீவுக்கு போயிட்டு கிராப் டாக்சி எடுத்துரு.